ரீச்சரின் ஸ்கானரும் பெறாமகனின் ஸ்கிரிப்டும்

கணினி: கேள்வி – பதில்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. எழுவைதீவில் இருக்கிறேன். ஊர்ச்சனத்திடம் எஞ்சிக் கிடக்கிற பழைய படங்களையும், செத்தவர்களின் முப்பத்தோராம் நாளுக்கு அடித்த கல்வெட்டுப் புத்தகங்களையும் ஸ்கான் பண்ணிச் சேர்த்து வருகிறேன். கனடாவில் இருக்கும் என் பெறாமகன் ஜிம்ப் மென்பொருளுக்கு ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதித் தந்திருந்தான். படத்தைத் திறந்து, அவன் வைத்துத் தந்த மெனுவை அமத்தினால் போதும். மங்கல் போய், நிறம் சரியாகி, நான் குறித்த கோப்புறைக்குள் ஜேபெக் ஆகப் போய் விழும். இரண்டு வருடமாக ஒரு தொல்லையும் இல்லை. அண்மையில் மடிகணினியை மாற்றி, அதில் ஜிம்ப் 3.0 போட்டேன். அன்றிலிருந்து எல்லாம் குழம்பிவிட்டது. ஜிம்ப் மெனுவில் ஸ்கானரே தெரியவில்லை. ஸ்கிரிப்டை ஓட்டினால் 'அன்பவுண்ட் வேரியபிள்' என்று ஏதோ வருகிறது. அயல்வீட்டுப் பிள்ளையிடம் பழைய 2.10 இருக்கிறதே என்று அங்கே கொண்டுபோய், கோப்புறையின் பெயரை அவளுடைய கணினிக்கு ஏற்றபடி மாற்றி ஓட்டினேன். அங்கே வேறொரு பிழை. போதாக்குறைக்கு, இப்போது எடுக்கிற ஒவ்வொரு படத்திலும் மேலிருந்து கீழாக இரண்டு மெல்லிய கோடு. பெறாமகனுக்கு வட்ஸ்அப்பில் 'ஜிம்ப் வேலை செய்யேல்லை' என்று சொன்னேன். 'பழையதைத் திரும்பப் போடுங்கோ பெரியம்மா' என்று ஒரே வரியில் முடித்துவிட்டான். புது ஜிம்ப் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டதா? கணினித் திரையைப் படமெடுத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: ரீச்சர், கடிதத்தில் இருந்ததைவிட நீங்கள் அனுப்பிய மூன்று படங்களிலும் கூட விஷயம் இருந்தது. பெறாமகனுக்கும் அதையே அனுப்பியிருந்தால் அவனும் ஒரு வரியில் தப்பியிருக்க மாட்டான். 'வேலை செய்யேல்லை' என்பது பரியாரியாரிடம் போய் 'ஒரு மாதிரிக் கிடக்கு' என்று சொல்வது போல. அவர் நாடி பிடித்துப் பார்ப்பார். கனடாவில் இருப்பவனுக்குப் பிடிக்க நாடி இல்லை.

உங்களிடம் இருப்பது ஒரு வருத்தம் அல்ல, நாலு வருத்தம். நாலும் ஒரே கிழமைக்குள் வந்ததால் ஒன்றாகத் தெரிகிறது. இந்த நாலில் ஒன்றரைக்குத்தான் ஜிம்ப் பொறுப்பு.

முதலில் கோடு. இதற்கும் மென்பொருளுக்கும் சம்பந்தமே இல்லை. ஒரு வெள்ளைத்தாளைக் கண்ணாடியில் வைத்து எடுங்கள். பிறகு தாளைத் தலைகீழாகத் திருப்பி இன்னொருமுறை எடுங்கள். இரண்டிலும் கோடு அதே இடத்தில் நின்றால் குற்றம் ஸ்கானரில்தான். ஸ்கானர் ஒவ்வொருமுறையும் வேலை தொடங்க முதல், கண்ணாடியின் ஓரச் சட்டத்துக்குக் கீழே ஒட்டியிருக்கும் வெள்ளைப் பட்டி ஒன்றைப் பார்த்து 'இதுதான் வெள்ளை' என்று தனக்குத்தானே பாடம் எடுத்துக்கொள்ளும். அந்தப் பட்டியில் ஒரு தூசி இருந்தால், அந்த இடத்துக்கு மட்டும் பிழையான பாடம். பிறகு தலைப்பகுதி பக்கம் முழுக்க நகரும்போது அந்தப் பிழையும் கூடவே கோடாக இழுபட்டுப் போகும். அதனால்தான் ஒரு புள்ளித் தூசி ஒரு முழுக்கோடாக வருகிறது. கண்ணாடியில் கிடக்கிற தூசி என்றால் புள்ளியாகத்தான் விழும்.

கண்ணாடியின் ஓரங்களை, தலைப்பகுதி ஓய்வெடுக்கும் பக்கத்தை முக்கியமாக, இலேசாக ஈரப்படுத்திய மெல்லிய துணியால் துடையுங்கள். திரவத்தைத் துணியில் விடுங்கள், கண்ணாடியில் விடாதீர்கள். சட்டத்தின் இடுக்கால் உள்ளே போனால் பிறகு என்னிடம்தான் கொண்டுவர வேண்டிவரும். துடைத்தும் கோடு போகாவிட்டால் தூசி உள்ளே. திறக்கத் தெரிந்த ஒருவர்தான் பார்க்க வேண்டும். உங்கள் ஊரில் சோழகம் கிளம்பினால் உப்புக்காற்று நேரே வீட்டுக்குள் வருமே, அதையும் மறக்காதீர்கள். உப்பு கண்ணாடியின் அடிப்பக்கத்தில் மெல்லிய புகார் போலப் படியும். வேலை முடிந்ததும் ஸ்கானரை ஒரு பழைய தலையணை உறைக்குள் போட்டு, மருந்துப் போத்தலுக்குள் வரும் ஈரமுறிஞ்சிப் பைகள் நாலைந்தையும் கூடப் போட்டுவையுங்கள்.

திறக்க வேண்டி ஊர்காவற்றுறைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ கொண்டுபோவதானால் ஒரு விஷயம். ஸ்கானரைக் கவிழ்த்து அடியைப் பாருங்கள். பல வகைகளில் பூட்டுப் படம் போட்ட ஒரு சிறிய தள்ளுவிசை இருக்கும். படகில் ஏற்ற முதல் அதைப் பூட்டுங்கள். பூட்டாமல் கொண்டுபோனால் அலைக்கு உள்ளே இருக்கும் தலைப்பகுதி இங்கும் அங்கும் அடிபடும். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் திறக்க மறந்தால் 'கட கட' என்று சத்தம் போடும், உடைந்துவிட்டது என்று பயப்படுவீர்கள். என்னிடம் வந்த 'உடைந்த' ஸ்கானர்களில் சிலவற்றை அந்த விசையைத் தள்ளியே திருத்திக் கொடுத்திருக்கிறேன். காசு வாங்க வெட்கமாக இருந்தது.

இரண்டாவது, மெனுவில் ஸ்கானர் தெரியாதது. ஜிம்ப்புக்குத் தானாக ஸ்கான் பண்ணத் தெரியாது. விண்டோஸில் அது ட்வெயின் என்ற இடைத்தரகர் மூலம்தான் ஸ்கானரோடு பேசுகிறது. 1992இல் வந்த ஏற்பாடு அது. பெயர் ஒரு சொற்சுருக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் 'கிழக்கும் மேற்கும் சந்திக்கவே மாட்டா' என்ற கருத்தில் கிப்ளிங் எழுதிய கவிதையிலிருந்து எடுத்த பழைய ஆங்கிலச் சொல், 'இரண்டு' என்று பொருள். ஸ்கானரும் கணினியும் சந்திக்கப் பட்ட பாட்டை நினைத்து யாரோ வைத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டில் இப்போது சந்திக்காமல் இருப்பதும் அந்த இரண்டும்தான்.

காரணம் பெரும்பாலும் இது. பழைய ஸ்கானர்களுக்கு வந்த ட்வெயின் ட்ரைவர்கள் 32 பிட் காலத்தவை. 64 பிட் மென்பொருள் ஒன்று 32 பிட் ட்ரைவரைத் தனக்குள் ஏற்றாது. புது மடிகணினி, புது ஜிம்ப், பழைய ட்ரைவர் என்றால் மெனுவில் ஸ்கானர் இல்லாமல் போவது இப்படித்தான். மைக்ரோசொஃப்ட் ஸ்டோரில் கிடைக்கும் 'விண்டோஸ் ஸ்கான்' செயலியைப் போட்டுத் திறந்து பாருங்கள். அதில் ஸ்கானர் தெரிந்தால் கருவியும் வயரும் சுகம். அதிலும் தெரியாவிட்டால் வயரைப் பாருங்கள். உங்களுடையது மெல்லிய வகை ஸ்கானர் என்றால், அது தனி மின்சாரம் இல்லாமல் யூஎஸ்பி வயரிலேயே ஓடுவது. யூஎஸ்பி 2.0 வாசல் ஒன்று தருவது 500 மில்லியம்பியர் மட்டும். அதை நாலு வாசல் உள்ள மலிவு ஹப் ஒன்றில் செருகி, பக்கத்தில் போனையும் சார்ஜ் போட்டால் ஸ்கானருக்கு மூச்சு முட்டும். படத்தில் குறுக்காகப் பட்டை பட்டையாக விழுந்தாலும், பாதியில் நின்றாலும் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். நெடுக்குக் கோடு தூசி, குறுக்குப் பட்டை மின்சாரம் அல்லது மோட்டார் என்று மனதில் வையுங்கள். எழுவைதீவுக்கு இப்போது சூரியன், காற்று, பற்றரி, டீசல் எல்லாம் கலந்த மின்சாரம் வருவதால் முன்போல இரவு முழுக்க இருட்டில் இருப்பதில்லை என்று கேள்விப்படுகிறேன். ஆனாலும் பெரிய ஸ்கான் வேலையை மடிகணினியின் பற்றரி நிறைந்திருக்கும்போது, நேரடி வாசலில், கட்டையான வயரில் செய்வது நல்லது.

இனி என் சொந்த அபிப்பிராயம். ஜிம்ப்புக்குள்ளிருந்து ஸ்கான் பண்ணுவதை விட்டுவிடுங்கள். பழைய மடிகணினியில் அது ஓடியது நல்லகாலம். நாப்ஸ்2 என்ற இலவச மென்பொருளைப் போட்டு அதால் எடுத்து, டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். பழைய ட்ரைவர், புதிய ட்ரைவர் இரண்டோடும் அது பேசும். எடுத்து முடிந்தபின் கோப்பை ஜிம்ப்பில் திறவுங்கள். ஸ்கானர் ஒருபக்கம், படத்திருத்தம் ஒருபக்கம் என்று பிரித்துவிட்டால் அடுத்தமுறை ஏதாவது பழுதானால் எது பழுது என்று உங்களுக்கே தெரியும். உபுண்டு பாவிக்கிறவர்களுக்கும் இதே கதைதான். அங்கே எக்ஸ்சேன் வழியாக ஜிம்ப்புக்குள் எடுத்துப் பழகியவர்கள், 'டொக்கியுமென்ட் ஸ்கானர்' செயலிக்கு மாறலாம்.

மூன்றாவது, 'அன்பவுண்ட் வேரியபிள்'. இதற்குப் பொறுப்பு முழுக்க ஜிம்ப்தான். பெறாமகன் எழுதியது ஸ்கிரிப்ட்-ஃபூ என்ற வகை. ஸ்கீம் என்ற பழைய நிரல்மொழியின் பிள்ளை. நீங்கள் அனுப்பிய திரையின் படத்தில் அந்த இரண்டு சொல்லுக்குப் பிறகு ஒரு முக்காற்புள்ளி இருக்கிறது பாருங்கள். அதற்குப் பிறகு வரும் பெயர்தான் உங்களுக்கு வேண்டியது. முழுச் செய்தியின் பொருள்: 'நீ கூப்பிடுகிற இந்தப் பெயரில் இங்கே ஒருவரும் இல்லை.' உங்கள் படத்தில் இருக்கும் பெயர், 'இப்போது வேலை நடக்கிற லேயரை (படத்தின் ஒரு படலத்தை) எடு' என்பது. 2.10 வரைக்கும் ஒரு நேரத்தில் ஒரு லேயரைத்தான் தெரிவுசெய்யலாம். 3.0இல் பல லேயர்களை ஒன்றாகத் தெரிவுசெய்யலாம். அதனால் 'அக்டிவ் லேயர்' என்ற பெயரையே எடுத்துவிட்டு 'செலக்டட் லேயர்ஸ்' என்று பன்மையில் வைத்துவிட்டார்கள். ஆள் வீடு மாறவில்லை, குடும்பம் பெருத்துப் பெயர்ப்பலகை மாறிவிட்டது.

பெயரை மட்டும் மாற்றினாலும் ஓடாது, ரீச்சர். பழையது ஒரு லேயரைத் தந்தது. புதியது ஒரு பெட்டியைத் தரும், அதற்குள் லேயர்கள் இருக்கும். ஸ்கிரிப்ட்-ஃபூவில் எதைக் கேட்டாலும் விடையை ஒரு பட்டியலில் சுற்றித்தான் தரும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பட்டியலின் முதல் உருப்படியை எடுக்க 'கார்' என்று ஒரு சொல் இருக்கிறது. வாகனம் இல்லை. 1950களின் கணினி ஒன்றின் உறுப்புப் பெயரிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. ஆரம்பத்தில் ஸ்கிரிப்ட் எழுதுகிற பிள்ளைகளின் பிழைகளில் பாதி, 'கார்' போட மறப்பதுதான். இங்கே 'கார்' போட்டு உறையைப் பிரித்தபின்னும் உள்ளே பெட்டி இருக்கிறது. பெட்டிக்குள் பூச்சியமாவது இடத்தில் இருப்பதை எடு என்று இன்னொரு அடுக்கு வேண்டும்.

இவ்வளவு சிரமம் வேண்டாம் என்றால் குறுக்குவழி ஒன்று இருக்கிறது. நீங்கள் திறப்பது ஸ்கான் பண்ணிய படம். அதில் இருப்பது ஒரே லேயர். 'ஃப்ளாட்டன்' என்கிற செயல், எல்லா லேயரையும் ஒன்றாக்கி அந்த ஒன்றையே விடையாகத் தரும். 2.10இலும் 3.0இலும் அதே பெயர். லேயரை எடுக்கிற அந்த ஒரு வரிக்குப் பதிலாக 'கார்' போட்டு 'ஃப்ளாட்டன்' வரியை எழுதச் சொல்லுங்கள். அந்த இடம் சரியானதும் அடுத்த பெயரில் திரும்ப விழும், பயப்படவேண்டாம். ஜேபெக் ஆகச் சேமிக்கும் வரிதான் அது. 2012இல் வந்த 2.8 பதிப்பிலேயே மெனுவில் 'சேவ்' வேறு, 'எக்ஸ்போர்ட்' வேறு என்று பிரித்துவிட்டார்கள். தன் சொந்த எக்ஸ்சிஎஃப் வடிவத்தில் வைத்தால்தான் 'சேவ்', மற்றதெல்லாம் 'எக்ஸ்போர்ட்'. ஸ்கிரிப்ட் பெயர்கள் மட்டும் பழையபடி கிடந்தன. 3.0இல் அவற்றையும் மாற்றிவிட்டார்கள். ஆகவே 'ஜேபெக் சேவ்' இப்போது 'ஜேபெக் எக்ஸ்போர்ட்', கேட்கிற விவரங்களின் வரிசையும் முன்போல இல்லை.

புது வரிசை எது என்று எங்கே பார்ப்பது? உங்களைப் போலச் சிக்னல் விட்டுவிட்டு வருகிற இடத்தில் இருப்பவர்களுக்கு இதைத்தான் நான் முதலில் சொல்லிக்கொடுப்பது. ஜிம்ப்பின் 'ஹெல்ப்' மெனுவில் 'புரொசீஜர் பிரவுசர்' என்று ஒன்று இருக்கிறது. இணையம் வேண்டாம். ஜிம்ப்புக்குத் தெரிந்த எல்லாச் செயல்களின் பெயரும், ஒவ்வொன்றும் என்ன கேட்கும், என்ன தரும் என்பதும் அதற்குள் இருக்கும். தேடுகிற பெட்டியில் 'ஜேபெக்' என்று ஆங்கிலத்தில் தட்டினால் அதோடு சம்பந்தப்பட்ட பெயர்கள் மட்டும் வரும். உங்கள் கணினியில் இருக்கிற பதிப்புக்கு எது சரியோ அதையே அது காட்டும் என்பதுதான் இதன் பெறுமதி. யாரோ எப்போதோ 2.10க்கு எழுதிவைத்த வழிகாட்டியைப் பார்த்து மண்டையை உடைக்கத் தேவையில்லை. அந்தப் பக்கத்தையும் படமெடுத்துப் பெறாமகனுக்கு அனுப்புங்கள். அவன் ஐந்து நிமிடத்தில் திருத்தித் தருவான்.

3.0 வந்தது 2025 மார்ச்சில். அதற்கு முந்திய பெரிய பதிப்பு, 2.10, வந்தது 2018இல். ஏழு வருடப் பழக்கத்தை ஒருநாளில் மாற்றினால் ஸ்கிரிப்டுகள் முறியத்தான் செய்யும். உங்கள் மேலும் பிழையில்லை, அவன் மேலும் பிழையில்லை.

நாலாவதுதான் எனக்குப் பிடித்தது. அயல்வீட்டுக் கணினியில் எடுத்த படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். 'எழுதுவதற்குத் திறக்க முடியவில்லை' என்ற செய்தியில், 'டி' டிரைவின் எழுத்தும் முக்காற்புள்ளியும் ஒரு வரியில் நிற்கின்றன. கோப்புறையின் பெயர் அடுத்த வரியில். அதுவும் முழுசாக இல்லை. நீங்கள் ஆங்கில எழுத்தில் 'நினைவு' என்று வைத்திருக்கிறீர்கள், செய்தியில் 'இனைவு' என்று நிற்கிறது. 'ந'வுக்குரிய 'என்' எழுத்தைக் காணவில்லை. எங்கே போனது? விண்டோஸ் கோப்புறைகளைப் பின்பக்கம் சாய்ந்த கோட்டால் பிரித்து எழுதும். ஸ்கிரிப்ட்-ஃபூவுக்கு அந்தக் கோடு ஒரு சைகை. கோட்டுக்குப் பின்னால் 'என்' வந்தால் 'அடுத்த வரிக்குப் போ' என்று எடுத்துக்கொள்ளும். நீங்கள் 'நினைவு' என்று வைத்த பெயரின் முதல் எழுத்தை அது கட்டளை என்று விழுங்கிவிட்டு, மிச்சத்தை அடுத்த வரியில் எழுதியிருக்கிறது. பெயர் 'கல்வெட்டு' என்று தொடங்கியிருந்தால் வேறு மாதிரி முறிந்திருக்கும். முன்பக்கம் சாய்ந்த கோட்டைப் போடுங்கள், விண்டோஸிலும் ஜிம்ப் அதை ஏற்றுக்கொள்ளும். பெறாமகன் எழுதித் தந்ததில் முன்பக்கக் கோடுதான் இருந்திருக்கும். விண்டோஸ் காட்டியதைப் பார்த்து நீங்கள் மாற்றி எழுதியிருப்பீர்கள். பத்துக்கு ஒன்பது பேர் அதைத்தான் செய்வார்கள்.

கடைசியாக இரண்டு, கேட்காத கேள்விக்குப் பதில். ஒன்று, அந்த ஸ்கிரிப்டைப் படங்களுக்கு மட்டும் பாவியுங்கள். கல்வெட்டுப் பக்கங்களுக்கு ஜிம்ப் பொருத்தமான ஆயுதமே இல்லை. ஸ்கான் டெய்லர் என்று இலவசமாக இருக்கிறது. விரித்து வைத்த இரண்டு பக்கத்தைத் தானே பிரித்து, சரிந்ததை நிமிர்த்தி, ஓரம் வெட்டித் தரும். பழைய மெல்லிய கடதாசியில் மறுபக்க எழுத்து ஊடு தெரிந்தால், பக்கத்துக்குப் பின்னால் ஒரு கறுப்பு மட்டையை வைத்து எடுங்கள். பக்கம் சற்று மங்கும், பரவாயில்லை. மறுபக்க எழுத்து போய்விடும். தையல் பக்கத்தில் எழுத்து மங்குவதற்கு ஸ்கானரைத் திட்டாதீர்கள். மெல்லிய வகை ஸ்கானரின் கண் கண்ணாடியோடு ஒட்டியதை மட்டும்தான் தெளிவாகப் பார்க்கும். சில மில்லிமீற்றர் தூக்கினாலே மங்கல். சட்டக் கண்ணாடியோடு ஒட்டிப்போன படங்களும் இதனால்தான் அதில் சரிவராது. உரித்தெடுக்கப் போகாதீர்கள், முகம் கண்ணாடியோடு போய்விடும். சட்டத்தோடு யன்னல் வெளிச்சத்தில் சாய்த்து வைத்துப் போனில் எடுங்கள்.

மற்றது, ஸ்கிரிப்ட் திருத்திய ஜேபெக்கை மட்டும் வைத்துக்கொண்டு, ஸ்கானரிலிருந்து வந்த டிஃப்பை அழித்துவிடாதீர்கள். ஏ4 பக்கம் ஒன்று 300 டிபிஐயில், வண்ணத்தில் சுமார் 26 எம்பி. 600 என்றால் நாலு மடங்கு. இடம் போகும்தான். ஆனால் ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியே இழுத்துவிடும் தானியங்கித் திருத்தம், மஞ்சள் பூத்த படத்தில் அந்த மஞ்சளைப் பழுது என்றுதான் எடுத்துக்கொள்ளும். கல்யாணப் படத்தில் கூறைச்சேலையின் சிவப்பும் அதோடு போகலாம். மூலம் இருந்தால் திரும்ப எடுக்கலாம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் போயின. தொண்ணூறுகளில் இடம்பெயர்ந்து போனவர்கள் றங்குப்பெட்டியில் கொண்டுபோனவையும், விட்டுவிட்டுப் போனவையும் உங்களுக்கு என்னைவிடத் தெரியும். ஊர்க் கல்வெட்டுகள் அடித்ததே சில நூறு பிரதி. ஒரு பிரதியை 2005இலிருந்து இந்த வேலையைச் செய்துவரும் 'நூலகம்' எண்ணிம நூலகத்துக்கும் கொடுத்துவையுங்கள். ஹார்ட் டிஸ்க் ஒன்றை மட்டும் நம்பாதீர்கள், உப்புக்காற்று அதையும் விடாது.

கேள்வி: எங்கள் கோயில் மலரில் இருக்கும் பழைய தேர்த்திருவிழாப் படங்களை ஸ்கான் பண்ணினால் வானத்திலும் முகங்களிலும் பாய் பின்னினமாதிரி ஒரு கோலம் விழுகிறது. ஸ்கானரை மாற்ற வேண்டுமா? (வாசகர், நயினாதீவு)

பதில்: வேண்டாம். படத்தை ஒரு உருப்பெருக்கியால் பாருங்கள். அச்சில் வந்த படம் முழுக்கப் புள்ளிகள்தான். ஸ்கானரும் வரிசை வரிசையாகத்தான் பார்க்கிறது. இரண்டு கம்பிவலையை ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் இல்லாத மூன்றாவது கோலம் ஒன்று தெரியுமே, அதுதான் இது. மொய்ரே என்பார்கள். உண்மைப் புகைப்படத்தில் இது வராது, அச்சுப் படத்தில் மட்டும்.

ஸ்கானரின் ட்ரைவரில் 'டீஸ்கிரீன்' என்று ஒரு தெரிவு இருந்தால் போடுங்கள், பெரும்பாலும் அதுவே போதும். இல்லையென்றால் 600 டிபிஐயில் எடுத்து, ஜிம்ப்பில் கோசியன் பிளர் இரண்டு பிக்சல் அளவுக்குக் கொடுத்து, பிறகு படத்தை அரைவாசியாகச் சுருக்குங்கள். மங்கவைத்த பின் சுருக்க வேண்டும், மாறிச் செய்தால் கோலம் இன்னும் பெருக்கும். முகத்துக்கு ஒரு அளவும் பின்னால் உள்ள வானத்துக்கு ஒரு அளவும் தேவைப்படலாம், இரண்டு மூன்று முறை செய்து பாருங்கள். சிலர் மலரைக் கண்ணாடியில் சற்றுச் சரித்து வைத்து எடுத்துவிட்டுப் பிறகு நிமிர்த்துவார்கள். அதுவும் உதவும். எதைச் செய்தாலும் புள்ளிகளுக்கு இடையில் இல்லாத விவரம் வந்துவிடாது. அந்தத் திருவிழாவின் மூலப்படம் யாருடைய அலுமாரியிலாவது இருக்கிறதா என்று விசாரிப்பது இந்த எல்லாவற்றையும்விட நல்ல பலன் தரும்.

கேள்வி: அப்பாவின் பெட்டிக்குள் பழைய ஃபிலிம் நெகட்டிவ்கள் இருக்கின்றன. ஸ்கானரில் வைத்தால் கறுப்பாக மட்டும் வருகிறது. (வாசகி, வேலணை)

பதில்: சாதாரண ஸ்கானர் வெளிச்சத்தைத் தாளில் பட்டுத் திரும்பச் செய்துதான் பார்க்கும். நெகட்டிவுக்கு வெளிச்சம் ஊடாகப் போகவேண்டும். மேல்மூடியிலும் விளக்குள்ள வகை வேண்டும், அல்லது ஸ்கானரை விட்டுவிடுங்கள். ஒரு டப்லட்டின் திரையை வெறும் வெள்ளையாக்கி, ஒளியை முழுசாகக் கூட்டி, அதற்குமேல் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் தகடு, அதற்குமேல் நெகட்டிவ். தகடு இல்லாவிட்டால் திரையின் பிக்சல்கள் படத்தில் தெரியும். மேலே போனை ஆடாமல் நிறுத்தி, அறை விளக்கை அணைத்து எடுங்கள். ஜிம்ப்பில் 'கலர்ஸ்' மெனுவில் 'இன்வேர்ட்'. கறுப்பு வெள்ளை என்றால் அதோடு முடிந்தது. வண்ண நெகட்டிவில் செம்மஞ்சள் பூச்சு ஒன்று இருக்கும், தலைகீழாக்கினால் எல்லோரும் நீலம் பூத்து நிற்பார்கள். 'லெவல்ஸ்' போய்ச் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே இழுக்க வேண்டும். விரலால் ஃபிலிமின் நடுவைத் தொடாதீர்கள்.

கேள்வி: ஊரில் அப்பம்மாவின் கல்வெட்டு ஒரு பிரதிதான் இருக்கிறது. ஸ்கான் பண்ணி அனுப்பச் சொன்னால் வட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள், பெருப்பித்தால் எழுத்து உடைகிறது. ஊரில் நல்ல ஸ்கானர் இல்லையா? (வாசகர், ரொறன்ரோ)

பதில்: ஸ்கானர் நல்லதாகத்தான் இருக்கும். படமாக அனுப்பினால் வட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும். இணைப்பு அடையாளத்தை அமத்தி 'டொக்கியுமென்ட்' என்று தெரிவுசெய்து அதே கோப்பை அனுப்பச் சொல்லுங்கள், எடுத்தபடியே வந்துசேரும். பக்கம் ஒவ்வொன்றுக்கும் 001, 002 என்று மூன்று இலக்கத்தில் பெயர் வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் 10ஆம் பக்கம் 2ஆம் பக்கத்துக்கு முன்னால் வந்து நிற்கும். அப்பம்மாவின் வம்சாவளிப் பக்கம் பெரும்பாலும் கடைசியில் மடித்து வைத்திருக்கும் நீளத் தாள். அதை இரண்டு மூன்று துண்டாக, ஓரங்கள் ஒன்றின்மேல் ஒன்று வரும்படி எடுக்கச் சொல்ல மறக்கவேண்டாம்.